நினைவுப் பட்டியலின் முதுகுப்பக்கம்: ஒரு பழைய ஓக் சட்டத்தைப் பழுதுபார்த்த விவரம்

எங்கள் ஆலயத்தின் வடக்குச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்த முதல் உலகப் போர் நினைவுப் பட்டியல் இப்போது கோபுரத்துக்கு அடியில் உள்ள உட்சுவரில் இருக்கிறது. சட்டம் அதே பழைய ஓக் மரச் சட்டம்தான். முன்கண்ணாடி, பின்பக்கம், மாட்டும் தகடுகள் எல்லாம் புதியவை. தாளில் கைவைத்தவர் நான் அல்ல, அதற்கென்றே படித்த ஒருவர். மொத்தச் செலவு 692 பவுண்டு. அதில் பாதிக்கு மேல் அந்த ஒற்றைத் தாளுக்கே போயிற்று. இதே மாதிரி வேலையை எடுத்துச் செய்யப்போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

இடம், இங்கிலாந்தின் கிழக்கே சஃபோக்கில் ஒரு சிற்றூர். கருங்கல் போல் தெரியும் ஃபிளிண்ட் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய பழைய ஆலயம். நான் திருநெல்வேலித் திருமண்டலத்துப் பிள்ளை. வேலை நிமித்தம் இங்கே வந்து ஒட்டிக்கொண்டவன். தச்சு வேலை பொழுதுபோக்கு. ஆலய நிர்வாகத்தைப் பார்க்கும் சேகர கமிட்டிக் கூட்டத்தில் "இவருக்கு மரவேலை தெரியும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அப்புறம் தப்பிக்க முடியவில்லை.

பட்டியல் என்பது 30 அங்குல உயரமும் 20 அங்குல அகலமும் உள்ள அச்சிட்ட தாள். மேலே கொடிகளும் இலைச் சுருள்களும், கீழே வெற்றுக் கட்டங்கள். அச்சகங்கள் இதைத் தயாராக விற்றன, ஊர்க்காரர்கள் வாங்கிப் பெயர்களை எழுதிக்கொண்டார்கள். போர் நடந்துகொண்டிருந்தபோதே மாட்டப்பட்டவை இவை. இறந்தவர்களுக்கு மட்டுமானவை அல்ல, ஊரிலிருந்து போன அத்தனை பேருக்காகவும் ஞாயிறுதோறும் ஜெபிப்பதற்கானவை. இறந்த செய்தி வந்தால் பெயருக்கு எதிரே ஒரு சிலுவை விழும். எங்கள் தாளில் எழுபதுக்கும் மேற்பட்ட பெயர்கள் ஒரே கையெழுத்தில் இருக்கின்றன. பெரும்பாலோர் சஃபோக் ரெஜிமெண்ட். சிலர் பீரங்கிப் படை. இரண்டு மூன்று பேர் லோஸ்டாஃப்ட் துறைமுகத்திலிருந்து மீன்பிடிப் படகுகளில் கடல் கண்ணிவெடிகளை வாரப் போனவர்கள்.

பெயர்கள் கறுப்பு மையில், சிலுவைகள் சிவப்பு மையில். பிரச்சினை அங்கேதான். ஜன்னல் வெளிச்சம் விழும் வலது பத்தியில் சிவப்பு வெளிறி வெளிறி, தாளின் பழுப்போடு கலந்துவிட்டது. கறுப்புப் பெயர் நிற்கிறது, சிலுவையைக் காணோம். புதிதாக வந்து பார்ப்பவருக்கு அந்த மனிதர் போர் முடிந்து பத்திரமாக ஊர் திரும்பி, கல்யாணம் செய்து, பேரன் பேத்தி பார்த்தவர். இதை ஆலயக் காப்பாளரான மூதாட்டி சுட்டிக்காட்டியபோதுதான் எனக்கு உறைத்தது. அவருடைய யோசனை எளிமையானது: "நல்ல சிவப்புப் பேனா ஒன்றை வாங்கி மேலே ஒருமுறை எழுதிவிட்டால் என்ன?" கமிட்டியில் பாதிப் பேருக்கு அது நியாயமாகப் பட்டது. எனக்கும் ஒரு நிமிடம் பட்டது.

பேனா வாங்கவில்லை, வாங்கவும் முடியாது. இங்கிலாந்துத் திருச்சபையில் ஆலயத்துக்குள் இருக்கும் பொருளைப் பழுதுபார்க்க, நகர்த்த, மாற்ற அனுமதி வேண்டும். பெரிய வேலைக்கு ஃபேகல்டி என்ற உத்தரவு, சிறிய வேலைக்கு ஆர்ச்டீக்கன் என்ற மூத்த குருவின் எழுத்து அனுமதி. திருமண்டல ஆலோசனைக் குழு படங்களையும் அளவுகளையும் கேட்கும். எரிச்சலூட்டும் நடைமுறை என்று பலர் முணுமுணுப்பார்கள், ஆனால் எங்கள் வேலையைக் காப்பாற்றியதே அந்தக் குழுவிலிருந்து வந்த ஒரு கேள்விதான். என் விண்ணப்பத்தில் சட்டத்தைச் சரிசெய்து அதே இடத்தில் மாட்டுவதாக எழுதியிருந்தேன். பதில் வந்தது: படத்தில் சட்டத்துக்குக் கீழே சுவர்ப் பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கிறதே, அது ஏன்?

கண்ணுக்கு எதிரே இருந்தும் யாரும் கேட்காத கேள்வி. ஒரு மழை நாளில் குடையோடு வெளியே சுற்றிப்போய்ப் பார்த்தேன். வடக்குக் கூரையின் மழைநீர்த் தொட்டியில் பறவைகள் கூடு கட்டிக் குச்சிகளால் அடைத்துவைத்திருந்தன. தண்ணீர் குழாய் வழியே இறங்காமல் தொட்டி விளிம்பைத் தாண்டிச் சுவரோடு வழிந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு, முன்பு யாரோ அந்தப் பகுதியின் கல் இடுக்குகளில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்டைப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்து நனைந்தால் காயும். சிமெண்ட் பூச்சு, உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. அது உட்பக்கமாக வந்து, சட்டத்தின் முதுகில் இறங்கியிருக்கிறது. ஏணிக்காரரை வைத்துத் தொட்டியைச் சுத்தம் செய்ய 75 பவுண்டு ஆயிற்று. முதல் செலவு ஓர் ஆணிகூட வாங்காமல் கூரையில் தொடங்கியது.

பிறகு இறக்கும் வேலை. இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, மூன்றாமவர் கம்பியை விடுவித்தார். அந்தக் கம்பியில் முறுக்கிய இழைகளில் பாதி துருப்பிடித்து அறுந்திருந்தது. சுவரில் இருந்தது ஒற்றை இரும்பு ஆணி. இவ்வளவு நாள் அது விழாமல் இருந்ததே பெரிது. வெஸ்டரி என்ற குருவின் உடைமாற்று அறையின் மேசையில் பழைய கம்பளியை விரித்து, மேலே அமிலமற்ற டிஷ்யூ தாள் போட்டு, சட்டத்தைக் குப்புறக் கவிழ்த்தேன்.

அடுத்த வேலை முழுக்க முதுகுப்பக்கத்தில்தான். பழுப்புத்தாள் ஒட்டி மூடியிருந்தது, பாதியை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. அதைக் கிழித்ததும் 6 மில்லிமீட்டர் கனத்தில் இரண்டு பைன் பலகைகள் தெரிந்தன. சுற்றிலும் சிறு இரும்பு ஆணிகள். ஆணி இருந்த இடங்களில் எல்லாம் ஓக் மரம் நீலக்கறுப்பாகக் கறைபட்டிருந்தது. ஓக்கில் துவர்ப்புச் சத்து அதிகம், ஈரத்தோடு இரும்பு பட்டால் மை மாதிரி கறுக்கும். ஆணிகளைக் குறடால் நேரே இழுத்தால் மரம் சிதறும். பட்டி வைக்கும் மெல்லிய தகடு ஒன்றை மரத்தின் மேல் வைத்து, அதன்மேல் குறடை ஊன்றி மெதுவாக நெம்பினேன். ஒரு மாலை அதற்கே போயிற்று.

பலகைகளை எடுத்தபோது தாளின் பழுப்புக்குக் காரணம் விளங்கியது. தாள், வைக்கோல் கூழால் செய்த மஞ்சள் அட்டை ஒன்றில் நான்கு ஓரமும் பசை தடவி ஒட்டப்பட்டிருந்தது. அட்டைக்குப் பின்னால் பலகை. இரண்டு பலகைகளும் சந்திக்கும் இடைவெளி எங்கே ஓடியதோ, அதே நேர்கோட்டில் தாளின் முகப்பில் மேலிருந்து கீழாக ஒரு கரும்பழுப்புக் கோடு. அது ஏதோ கசிவின் தடம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தோம். இடைவெளி வழியே காற்றும் அழுக்கும் மரத்தின் அமிலமும் வந்து, தாளை அந்தக் கோட்டில் மட்டும் கூடுதலாகச் சுட்டிருக்கின்றன. பலகையின் முடிச்சு இருந்த இடத்தில்கூட ஒரு வட்டக் கறை. முன்பக்கக் கண்ணாடியைப் பளபளவென்று துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், தாளைத் தின்றது பின்பக்கம்.

அட்டையிலிருந்து தாளைப் பிரிக்க நான் துணியவில்லை. அங்கீகாரம் பெற்ற தாள் பாதுகாப்பாளர் ஒருவரிடம் கொண்டுபோனோம். போகும் முன் ஒரு காரியம் செய்தேன், அதுதான் இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்த பகுதி. வெஸ்டரியின் திரைகளை மூடி இருட்டாக்கி, கைவிளக்கைத் தாளின் மட்டத்துக்கு ஏறக்குறையக் கிடையாகப் பிடித்து வலது பத்தியின் மேல் நகர்த்தினேன். தொட்டு எழுதும் பேனாவின் எஃகு முனை தாளை லேசாகக் கீறும். நிறம் போனாலும் கீறல் போகாது. சாய்வெளிச்சத்தில், ஒன்றுமே இல்லை என்று நினைத்த இடங்களில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சிறு கோடுகள் நிழல் காட்டி எழுந்தன. ஒரு சிலுவையில் கிடைக்கோட்டை அழுத்தி இழுத்திருக்கிறார்கள், முனை பிளந்து இரட்டைக் கீறல் விழுந்திருந்தது. காப்பாளர் அம்மா பெயரைச் சொல்லச் சொல்ல, நான் குறித்துக்கொண்டேன்.

தாள் முழுவதிலும் சேர்த்து வந்த சிலுவைகளின் எண்ணிக்கை 18. ஆலயத்தின் தெற்குச் சுவரில் போருக்குப் பின் வைத்த பித்தளைத் தகட்டில் இருப்பதோ 17 பெயர்கள். கூடுதலான ஒருவரைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தரவுத்தளத்தில் தேடினோம். போர் முடிந்து சில மாதங்களுக்குப் பின் 1919-இல் இறந்தவர். ஆணையம் முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை இறந்தவர்களைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, ஆகவே அங்கே அவர் இருக்கிறார். ஊர்த் தகட்டில் இல்லை. ஒவ்வோர் ஊரும் யாரைச் சேர்ப்பது என்று தானே தீர்மானித்த காலம் அது. சண்டை நின்ற பிறகு படுக்கையில் செத்தவரைச் சேர்க்கலாமா என்று கமிட்டி கூடிப் பேசியிருப்பார்கள். இப்போது பித்தளையில் அவர் பெயரை வெட்டலாமா என்ற பேச்சு எழுந்திருக்கிறது. அது வேறு அனுமதி, வேறு வேலை.

பேனாவால் மேலே எழுதும் யோசனை இந்த விளக்கு வேலையோடு செத்தது. புதிய மை ஊற்றினால் அந்தக் கீறல் மூழ்கிவிடும், பழைய கையின் சாட்சி போய்விடும். அதற்குப் பதிலாக, 18 பெயர்களையும் தெளிவாக அச்சிட்ட ஒரு தாளைச் சட்டத்துக்குப் பக்கத்தில் தனியாக வைத்திருக்கிறோம். படிக்க அது, பார்க்க இது.

தாள் பாதுகாப்பாளர் என்ன செய்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், என் கைவேலை அல்ல அது. முதலில் ஒவ்வொரு மையிலும் பொட்டளவு ஈரம் வைத்துச் சோதித்தார். கறுப்பு அசையவில்லை, சிவப்பு உடனே கரைந்தது. ஆகவே தாளைத் தண்ணீரில் கழுவி அமிலத்தை நீக்கும் வழி அடைபட்டது. உலர்ந்த ரப்பர் பஞ்சால் மேலழுக்கை எடுத்து, மஞ்சள் அட்டையைப் பின்னாலிருந்து அடுக்கடுக்காகச் சீவி நீக்கி, கிழிசல்களை ஜப்பானிய மென்தாளாலும் கோதுமை மாப்பசையாலும் ஒட்டினார். பழுப்புக் கோடு அப்படியே இருக்கிறது. கட்டணம் 390 பவுண்டு. கமிட்டியில் ஒருவர், "இவ்வளவு கொடுத்தும் கறை போகவில்லையா?" என்று கேட்டார். போக்கியிருந்தால் சிலுவைகளும் போயிருக்கும் என்று சொன்னதும் அடங்கினார்.

இனி சட்டம். ஓக், 45 மில்லிமீட்டர் அகலம், 20 மில்லிமீட்டர் கனம், நான்கு மூலையும் 45 பாகையில் வெட்டி, குறுக்கே ஒரு மெல்லிய மரச் சீவல் செருகி, வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) போட்டு ஒட்டியது. ஈரத்தில் வஜ்ஜிரம் விட்டு, கீழ் மூலைகள் இரண்டும் ஆடின. கீழ்க்கட்டையின் வெளிர்நிற ஓரத்தில் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளைகள். உளுப்பு. பழைய துளையா, உள்ளே இன்னும் புழு இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளக் கறுப்புத்தாளின் மேல் கட்டையை நிறுத்தி விட்டுவைத்தேன். சில நாளில் தாளில் வெளிர்மஞ்சள் மாவு உதிர்ந்திருந்தது. உயிரோடுதான் இருக்கிறது.

கடையில் விற்கும் புழு மருந்தை மரத்தில் ஊற்ற எனக்கு மனமில்லை. அதன் ஆவி பிற்பாடு மூடிய சட்டத்துக்குள் தாளின் பக்கத்தில் தங்கும். அருங்காட்சியகங்கள் செய்வது உறைய வைப்பது. வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வைத்தால் முட்டை, புழு, வண்டு எல்லாம் சாகும். மூலைகள் ஏற்கெனவே விட்டிருந்ததால் நான்கு கட்டைகளாகப் பிரிக்க முடிந்தது. மீதி வஜ்ஜிரத்தை வெந்நீரில் நனைத்த துணி வைத்து இளக்கினேன். ஒவ்வொரு கட்டையையும் தடித்த பாலித்தீனில் சுற்றி, காற்றை அழுத்தி வெளியேற்றி, நாடா ஒட்டி, எங்கள் வீட்டு உறைபெட்டியில் மீனுக்கும் கறிவேப்பிலைப் பொட்டலங்களுக்கும் நடுவில் படுக்கவைத்தேன். என் மனைவி, "சாமி சாமானை இப்படி மீனோடு வைக்கலாமா?" என்று கேட்டது நியாயம்தான். வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை வெளிக்காற்றின் ஈரம் பையின் மேல் படியட்டும், மரத்தின் மேல் படியக் கூடாது.

திரும்ப ஒட்டியதும் வஜ்ஜிரத்தாலேயே. வெள்ளைப் பசை வலுவானது, உண்மை. ஆனால் அடுத்த நூறு ஆண்டில் யாராவது இதைப் பிரிக்க வேண்டி வந்தால் வெந்நீருக்கு இளகும் பசைதான் அவருக்கு உதவும். திரவமாகக் குப்பியில் வருவது 9 பவுண்டு. சீவல்களைப் புதிதாக ஓக்கில் இழைத்துச் செருகினேன். நாடாக் கிளாம்ப் ஒன்றால் நான்கு மூலையையும் சேர்த்து இறுக்கி, மூலைவிட்டம் இரண்டையும் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. நீளமான விட்டத்தின் மூலைகளை லேசாக அழுத்தியதும் சரியாகிவிட்டது. சட்டத்தின் முகப்பில் மெழுகுவர்த்திப் புகையும் பழைய மெழுகும் படிந்த கருமையை டர்பன்டைன் வகைக் கரைப்பானில் தோய்த்த பஞ்சால் ஒருமுறை மட்டும் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு மெல்லப் பூசினேன். உப்புத்தாள் தொடவில்லை. தொட்டிருந்தால் பளிச்சென்று புதுச் சட்டம் கிடைத்திருக்கும். அதைக் கடையிலேயே வாங்கலாமே.

இங்கேதான் வேலை முட்டிக்கொண்டு நின்றது. பழைய சட்டத்தின் காடி, அதாவது கண்ணாடியும் தாளும் உட்காரும் பின்பக்கப் பள்ளம், 8 மில்லிமீட்டர் ஆழம். பழைய அடுக்கு அதில் அடைபட்டுப் பலகை வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தது. புதிதாக நான் வைக்க நினைத்த அடுக்கைக் கணக்குப் போட்டேன்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் தகடு 3, தாள் அதில் ஒட்டாமல் இடைவெளி தரும் ஜன்னல் அட்டை 2, தாளைத் தாங்கும் பின்அட்டை ஒன்றரை, அதற்குப் பின்னால் ஈரம் தடுக்கும் புடைப்பு பிளாஸ்டிக் பலகை 4. மொத்தம் பத்தரை, கூடவே ஆணி பிடிக்க இடம். அக்ரிலிக்கை 2 மில்லிமீட்டருக்குக் குறைத்துப் பார்த்தேன், அந்த அளவில் தகடு வளைந்து தாளைத் தொட்டது. காடியை உளியால் இன்னும் ஆழமாக வெட்டிவிடலாம் என்றும் ஒரு நாள் குறி போட்டுவிட்டேன். கனம் 20 மில்லிமீட்டர்தான், ஒரு பக்கம் உளுத்த கட்டை, வெட்டினால் மூலை தாங்காது. அசல் மரத்தைக் குறைப்பதாக அனுமதிக் கடிதத்தில் சொல்லவும் இல்லை.

தீர்வு, சட்டத்தின் முதுகில் இன்னொரு சட்டம். 12 மில்லிமீட்டர் உயரமும் 18 மில்லிமீட்டர் அகலமும் உள்ள பாப்ளர் கட்டைகளை நான்கு பக்கமும் பின்னால் வைத்து, எஃகு திருகாணிகளால் இறுக்கினேன். துரு ஏறாத எஃகு, ஏனென்று மேலே பார்த்தோம். பசை போடவில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. காடி இப்போது 20 மில்லிமீட்டர் ஆழம், அடுக்கு தாராளமாக உட்கார்ந்தது. ஓக்கிலிருந்தும் அமில ஆவி வரும் என்பதால் காடியின் உட்பக்கம் முழுவதும் அலுமினிய நாடா ஒட்டினேன். பின்பலகையின் விளிம்பையும் அதே நாடாவால் மூடினேன்.

பழைய கண்ணாடி மேடுபள்ளமும் சிறு குமிழும் உள்ள அழகான கண்ணாடி. ஒரு மூலையில் விரிசல் இல்லாமல் இருந்தால் வைத்திருப்பேன். அக்ரிலிக் 62 பவுண்டு, கடையிலேயே அளவுக்கு வெட்டித் தந்தார்கள். சூட்டுக்கு விரியும் என்பதால் ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடம் விட்டு வெட்டச் சொல்ல வேண்டும். இன்னொன்று, புற ஊதாவைத் தடுத்தால் போதும், சிவப்பு மை இனி வெளிறாது என்று நம்பிவிடக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அந்த மையைத் தின்னும். தகடு வேகத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். மீதியை இடம்தான் செய்ய வேண்டும்.

இடத்துக்காக 45 பவுண்டு கொடுத்து, ஈரப்பதத்தையும் வெப்பத்தையும் தானே பதிவுசெய்யும் ஒரு சிறு கருவி வாங்கினேன். வடக்குச் சுவரில் சட்டம் இருந்த இடத்தில், தொட்டியைச் சுத்தம் செய்த பிறகும், குளிர்காலத்தில் ஈரப்பதம் 85 விழுக்காடு வரை ஏறியது. ஞாயிறு காலை ஆராதனைக்காக ஹீட்டர் போட்டதும் சரசரவென்று இறங்கி, மதியம் மறுபடி ஏறியது. தாளுக்கும் மரத்துக்கும் இந்த ஏற்ற இறக்கமே வினை. கோபுரத்துக்கு அடியில் உள்ள உட்சுவரில் அதே கருவி பெரும்பாலும் அறுபதுகளில் நின்றது, நேர் வெயிலும் இல்லை. அந்த வரைபடத்தை இணைத்து, இடம் மாற்ற அனுமதி கேட்டுத் திருத்தக் கடிதம் போட்டோம். வந்துவிட்டது.

மாட்டும்போது கம்பி வேண்டாம் என்று முடிவு செய்தேன். நான்கு பித்தளைத் தகடுகள், மேலே இரண்டு, கீழே இரண்டு. கல்லில் துளை போடாமல் சாந்து இருக்கும் இடம் பார்த்து, அடியின்றிச் சுழல மட்டும் விட்டு டிரில் போட்டேன். ரசமட்டம் வைத்துக் குறித்தது சரியாக இருந்தும் சட்டம் சாய்ந்த மாதிரியே தெரிந்தது. ஆலயம்தான் சாய்ந்திருக்கிறது, சட்டம் நேர். அப்படியே விட்டுவிட்டோம். முதுகில் நான்கு மூலைக்கும் 10 மில்லிமீட்டர் தக்கைத் துண்டுகள் ஒட்டியிருக்கிறேன், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று ஓட. இத்தனை வேலையிலும் விலை மலிவானதும் பயன் அதிகமானதும் அந்தத் தக்கைதான்.

தெற்குச் சுவரில் உள்ள பித்தளைப் பெயர்த் தகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு நவம்பரிலும், போரில் இறந்தவர்களை நினைக்கும் நினைவு ஞாயிறுக்கு முன் யாராவது ஒருவர் பக்தியோடு பாலிஷ் டப்பாவும் துணியுமாக வந்து அதைத் தேய்த்திருக்கிறார்கள். தேய்த்துத் தேய்த்து எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, கறுப்பு நிரப்பு பாதி உதிர்ந்து, பள்ளங்களில் வெள்ளைப் பொடி காய்ந்து கிடந்தது. போர் நினைவுச் சின்னங்களைப் பராமரிக்க 1997-இல் தொடங்கப்பட்ட வார் மெமோரியல்ஸ் டிரஸ்ட் போன்ற அமைப்புகள் இப்படித் தேய்க்காதீர்கள் என்றுதான் சொல்கின்றன. வெள்ளைப் பொடியை மூங்கில் பல்குச்சியாலும் கரைப்பான் தொட்ட பஞ்சுக்குச்சியாலும் எடுத்து, மெழுகு பூசிவிட்டேன். கறுப்பை நிரப்பவில்லை, அது தெரிந்தவர் செய்யட்டும். பாலிஷ் டப்பாவைக் காப்பாளர் அம்மா தம் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்.

வேலையின் நடுவே நண்பர் ஒருவர் தொலைபேசியில், ஒரு தாளுக்கு இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டார். 1915-இலேயே போர்க்களத்திலிருந்து உடல்களை ஊருக்குக் கொண்டுவருவதைத் தடைசெய்துவிட்டார்கள். கல்லறை இருந்தால் பிரான்சிலோ துருக்கியின் கலிப்போலியிலோதான். கல்லறையே தெரியாதவர்களின் பெயர்கள் பெல்ஜியத்தின் மெனின் வாயிலில் மட்டும் 54,000-க்கு மேல். இங்கே தாய்க்கு ஊரில் போய் நிற்க இருந்தது இந்தச் சுவர்தான். தமிழ்நாட்டில் நம் பக்கத்து ஊர்களிலும் சலவைக்கல் ஒன்றைப் பார்த்திருப்பீர்கள்: இந்தக் கிராமத்திலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனை பேர் போனார்கள், இவர்களில் இத்தனை பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் இருக்காது, எண் மட்டும். பெயர்களை ஒருவர் உட்கார்ந்து எழுதிவைத்த தாள் கையில் இருக்கும்போது, அதை உளுத்துப்போக விட எனக்கு மனம் வரவில்லை. நண்பருக்கு இதைத்தான் சொன்னேன்.

செலவின் மீதி விவரம்: ஜன்னல் அட்டையும் பின்அட்டையும் 38, பிளாஸ்டிக் பலகையும் அலுமினிய நாடாவும் 31, பாப்ளர் கட்டை 12, தகடு, திருகாணி, தக்கை எல்லாம் சேர்த்து 14, மெழுகு 16. ஈரமானியை இன்னும் பல ஆண்டு பயன்படுத்தலாம், எனவே அதை இந்தக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் அநியாயம்.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் மழை நாளில் வெளிச்சுவர், பிறகு ஒரு குளிர்காலம் முழுக்க ஈரமானி, அதன் பிறகே விண்ணப்பம். அடுக்கின் கனத்தை அக்ரிலிக் வாங்கும் முன்பே வெர்னியர் காலிப்பரில் அளந்து, பின்சட்டத்தை முதலிலேயே திட்டத்தில் சேர்ப்பேன். சட்டத்தின் நான்கு கட்டைகளுக்கும் பிரிக்கும் முன்னே பென்சிலில் எண் போடுவேன். உறைபெட்டியிலிருந்து எடுத்தபோது மேற்கட்டை எது, கீழ்க்கட்டை எது என்று துளைகளை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். கடைசியாக, சட்டத்தின் பின்பலகையில் என்ன பசை, என்ன நாடா, எந்த ஆண்டு, எதைத் தொடவில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். அதில் திருகாணியின் அளவை எழுத விட்டுப்போயிற்று: எண் 6, 25 மில்லிமீட்டர், நட்சத்திரத் தலை.